அண்ணன் என்கிற பட்டை

மூன்று பிள்ளைகளில் கடைசி என்பதால் சின்ன வயதிலேயே அவளுக்கு வாலு என்று பெயர் விழுந்தது. விழுந்த பெயர் பிறகு எழுந்திருக்கவே இல்லை. தலையில் நரை எட்டிப் பார்க்கத் தொடங்கியாயிற்று. குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பொறுப்பான வேலை. அவள் கையெழுத்துப் போடாவிட்டால் ஒரு பேட்டைக்கே தண்ணீர் நிற்கும். ஆனாலும் வீட்டுக்குள் காலை வைத்தால் வாலுதான். அதில் அவளுக்குக் கோபம் ஒன்றுமில்லை. கோபமெல்லாம் அண்ணன் மேல்தான்.

அம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். அம்மா அண்ணன் வீட்டில் இருந்ததால் செவ்வாயும் வியாழனும் அண்ணன் பொறுப்பு, சனிக்கிழமை வாலுவின் பொறுப்பு என்று பேசி வைத்திருந்தார்கள். கொண்டுபோய் விட்டுவிட்டு வந்துவிடுகிற வேலை இல்லை அது. ரத்தம் இயந்திரத்துக்குள் போய்த் திரும்பும்போது சட்டென்று அழுத்தம் இறங்கும், வாந்தி வரும், கெண்டைக்கால் முறுக்கிக்கொள்ளும். கூட ஒருவர் உட்கார்ந்தே ஆகவேண்டும்.

பேச்சு அப்படி இருந்தாலும் நடந்தது வேறு. செவ்வாய்க்கிழமை காலையில், வாலு செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போது அண்ணனிடமிருந்து ஃபோன் வரும். உங்க அண்ணிக்கு ஒரே காய்ச்சல், இன்னைக்கு மட்டும் நீ போயிடு என்பான். இன்னொரு வாரம் அண்ணிக்கு வயிற்று வலி. இன்னொரு வாரம் அவர்கள் பெரிய பையனுக்குப் பள்ளிக்கூடத்தில் ஏதோ கூட்டம். வாலு லீவு சொல்லிவிட்டு ஓடுவாள். அவளுக்குக் காய்ச்சல் என்றால் இவனுக்கு என்ன காலா உடைந்து போயிற்று என்று பஸ்ஸில் பல்லைக் கடித்துக்கொண்டு போவாள். அந்தக் கேள்விக்கு மேல் அவள் யோசித்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் வீடியோ காலில் இருந்தார்கள். அக்கா கடல் தாண்டி வாழ்கிறவள். அங்கே விடியும்போது இங்கே பொழுது சாய்ந்திருக்கும். தூக்கம் கலையாத முகத்தோடு, நாம மூணு பேரும் சமமா தோள் கொடுக்கிறதாலதான் அம்மா இன்னும் தெம்பா இருக்காங்க என்று அவள் உருகினாள். வாலுவுக்குக் காது மடல் சூடாயிற்று. அதற்குள் அண்ணன் முந்திக்கொண்டான்.

"வாலு சனிக்கிழமையானா வந்துட்டுப் போறா. மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்."

வந்துவிட்டுப் போகிறாளாம். சொந்தக்காரர் வீட்டில் எட்டிப் பார்த்து நலம் விசாரித்துவிட்டுப் போகிற மாதிரி. வாலு இணைப்பைத் துண்டித்தாள். அன்று முழுக்கப் பாத்திரங்களை வைக்கவில்லை, போட்டாள். அவள் கணவர் எதற்கும் இருக்கட்டும் என்று பக்கத்து அறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் அலுவலகத்தில் ஆர் வகுப்பு தொடங்கியிருந்தது. ஆர் என்பது கணினியில் கணக்குப் போடவும் வரைபடம் வரையவும் உதவும் ஒரு மொழி. இனிமேல் தண்ணீர்ச் சோதனை முடிவுகளை எல்லாம் அதில்தான் வரைய வேண்டும் என்று மேலிடத்தில் முடிவு செய்து, பயிற்சி கொடுக்க ஒருவரை அனுப்பியிருந்தார்கள். ஒல்லியான மனிதர். யாருடைய திரையில் என்ன தவறு வந்தாலும் பின்னால் வந்து நின்று, "கமா எங்க?" என்பார். இரண்டாம் நாளே அவருக்கு கமா சார் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

வாலுவுக்கு அந்த மொழி முதலில் சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஒரு அடைப்புக்குறியை மூட மறந்தால் சிவப்பில் எரிந்து விழுந்தது. எதனால் என்று சொல்லாமல் எரிந்து விழுகிறவர்கள் அவள் குடும்பத்திலேயே போதுமான அளவுக்கு இருந்தார்கள். ஆனால் வகைவாரியாக வரைகிற பாடம் வந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

கமா சார் சொன்னது இவ்வளவுதான். அட்டவணையில் சில பத்திகளில் எண் இருக்கும், சிலவற்றில் வகை இருக்கும். எந்தப் பேட்டை, எந்தக் குழாய், எந்த ஆள் என்பதெல்லாம் வகை. முதல் வரியில் அட்டவணையின் பெயரையும் எந்த வகைப்படி பிரிக்க வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு கூட்டல் குறி போட்டு, அடுத்த வரியில் பட்டை வேண்டும் என்று கேட்க வேண்டும். வகைக்கு ஒரு பட்டையாக ஆர் எழுப்பிவிடும். எத்தனை தடவையோ அத்தனை உயரம். ஆளுக்கொரு நிறமும் கொடுக்கலாம். நாளைக்கு எல்லாரும் சொந்தமா ஒரு அட்டவணை கொண்டு வாங்க, தண்ணி தவிர எதுவா இருந்தாலும் சரி என்றார்.

வாலுவுக்கு மனசுக்குள் மணி அடித்தது. மூன்று பேர் மட்டும் இருக்கிற குடும்பக் குழு ஒன்று ஃபோனில் இருந்தது. அம்மாவைக் கூட்டிப் போகிறவர் அங்கே போய்ச் சேர்ந்ததும் 'வந்தாச்சு' என்றும், முடிந்ததும் 'முடிஞ்சது' என்றும் போடுவது வழக்கம். அக்கா அதற்கெல்லாம் கைகூப்பும் படம் போடுவாள். மழைக்காலம் தொடங்கியதிலிருந்து அந்தக் குழுவில் வந்ததை எல்லாம் அட்டவணையாகத் தட்டினாள். தேதி ஒரு பத்தி, போன ஆள் ஒரு பத்தி. தட்டத் தட்ட அவளுக்கு உற்சாகம் பொங்கியது. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மூஞ்சிக்கு நேரே இந்தப் படத்தை நீட்டி, வந்துவிட்டுப் போகிறவள் யார் என்று கேட்கப் போகிறாள். கேட்கிற தொனியைக்கூட பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் வகுப்பில் படத்தைப் போட்டதும் மூன்று பட்டைகள் எழுந்தன. ஒன்று அவளுடையது. மற்ற இரண்டும் அண்ணன்.

கமா சார் பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்தார். சில இடத்துல அண்ணன்னு போட்டு ஒரு இடைவெளி விட்டிருக்கீங்க, அதை வேற ஆளுன்னு நினைச்சுக்கிச்சு என்றார்.

"ஒரு அண்ணனையே எங்களால சமாளிக்க முடியல சார்," என்றாள் வாலு. வகுப்பே சிரித்தது. அவள் இடைவெளிகளைத் தேடித் தேடி அழித்துவிட்டு மறுபடி ஓட்டினாள்.

இப்போது இரண்டே பட்டைகள். அவளுடையது நடுத்தர உயரம். அண்ணனுடையது தென்னை மரம் போல நெடுநெடுவென்று நின்றது.

வாலுவுக்கு முகம் சிவந்தது. கட்டளையைச் சரிபார்த்தாள். அட்டவணையை மேலிருந்து கீழே ஓட்டினாள். நிறத்தை மாற்றிப் பார்த்தாள், என்னவோ நிறத்தால்தான் அவன் வளர்ந்துவிட்டான் என்பது போல. ஒன்றும் குறையவில்லை. பக்கத்து இருக்கைத் தோழி, உங்க அண்ணன் தங்கமான மனுஷன் போலிருக்கே என்று வாய்விட்டுச் சொன்னாள். வாலு அன்று மத்தியானம் அவளோடு சாப்பிடவில்லை.

இவன் புளுகுகிறான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அம்மாவை அங்கே தனியாக விட்டுவிட்டு, கடையில் உட்கார்ந்துகொண்டு 'வந்தாச்சு' போடுகிறான். அண்ணன் பெரிய பர்னிச்சர் கடையில் மேனேஜர். சுழல் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, கட்டைவிரலால் மெசேஜ் தட்டுகிற காட்சி அவள் கண்முன் நின்றது. அம்மாவிடம் கேட்டால் பிரயோஜனம் இல்லை. சனிக்கிழமைகளில் கேட்டுப் பார்த்திருக்கிறாள். உங்க அண்ணன் வண்டி அனுப்பினான், போனேன், வந்தேன் என்பார் அம்மா. அதற்கு மேல் மகனைப் பற்றிக் கேள்வி கேட்டால் கண்ணை மூடிக்கொள்வார்.

கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். வியாழக்கிழமை அரைநாள் லீவு போட்டாள். லாப்டாப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு டயாலிசிஸ் மையத்துக்கு நேரே போனாள்.

மாடியில் நீளமான நடைவழி. ஒரு பக்கம் கண்ணாடிக் கதவு, எதிரே சுவரோடு சேர்த்துப் பொருத்திய இரும்பு நாற்காலிகள். கிருமிநாசினி நெடி. முன்மேசையில் இருந்த நர்ஸ் அவளை ஏறிட்டுப் பார்த்து, நீங்க சனிக்கிழமை ஆச்சே என்றாள். கடைசி நாற்காலியில் அண்ணி உட்கார்ந்திருந்தாள்.

அம்மாவின் செருப்பு ஒரு பிளாஸ்டிக் பைக்குள் அவள் காலடியில் இருந்தது. மடியில் மடித்த போர்வை. பக்கத்தில் வெந்நீர்க் குடுவை, வாந்தி வந்தால் பிடிக்க ஒரு சின்ன பேசின், மாற்றுத்துணிப் பை. வெகுநேரம் ஆகும் என்று தெரிந்து பழகிய உட்காரல். அண்ணியின் ஃபோன் காதில் இருந்தது. இப்பத்தான் ஊசி குத்தினாங்க, நல்லாத்தான் இருக்காங்க என்று சொல்லிவிட்டு வைத்தாள். வைத்த சில நொடிகளில் வாலுவின் பையில் ஃபோன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். குடும்பக் குழுவில் அண்ணன்: 'வந்தாச்சு.'

அண்ணி அவளைக் கண்டதும் பதறிப்போய் எழுந்தாள். யாருக்கு என்ன, எதுக்கு வேலை நாள்ல வந்திருக்க என்றாள். ஒன்றுமில்லை என்று வாலு அவளை உட்கார வைத்துத் தானும் உட்கார்ந்தாள். அண்ணன் எங்கே என்று கேட்டாள். கடையில் என்றாள் அண்ணி. இன்னைக்கு மட்டுமா என்று வாலு கேட்டாள். அண்ணி அவளைத் திரும்பிப் பார்த்தாள். அந்தக் கேள்வி எவ்வளவு முட்டாள்தனமானது என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்துவிட்டது.

எப்போதிலிருந்து என்று கேட்கவும் வாலுவுக்குக் கூச்சமாக இருந்தது. அண்ணியே சொன்னாள். முதல் நாளிலிருந்து. அண்ணி பல் செட் செய்கிற லேபில் வேலை பார்த்தவள். மெழுகில் பல்லின் வரிகளைச் செதுக்குவதில் கைகாரி. அவள் வேலையை விட்டபோது முதுகுவலி, குனிந்து உட்கார முடியவில்லை என்று அண்ணன் எல்லாரிடமும் சொன்னான். முதுகுக்கு ஒன்றும் இல்லை என்று இப்போது அண்ணி சொன்னாள். கொஞ்ச நாளைக்கு மட்டும் என்றுதான் அவளிடம் கேட்டார்கள். கேட்டார்கள் என்பதுகூட மரியாதைக்குச் சொல்வது.

வந்த ஆத்திரத்தில் வாலு லாப்டாப்பைத் திறந்து அந்தப் படத்தைக் காட்டினாள். பாருங்க அண்ணி, எவ்வளவு பெரிய பித்தலாட்டம், ஞாயிற்றுக்கிழமை இவனை உண்டு இல்லைன்னு ஆக்கறேன் என்று பொரிந்தாள். தன் பக்கம் ஓர் ஆள் கிடைத்துவிட்ட வேகம் அது. அண்ணி படத்தை நிதானமாகப் பார்த்தாள். இரண்டு பட்டைகள். கீழே இரண்டு பெயர்கள்.

"இதுல நான் எங்க?"

"இல்லண்ணி, யாரு மெசேஜ் போட்டாங்களோ, அவங்க பேர..."

"மெசேஜ் போடலைன்னா வரலைன்னு அர்த்தமா?"

"நீங்க அந்தக் குரூப்ல இல்லையே அண்ணி."

"இல்லதான். அது பிள்ளைங்க குரூப்." அண்ணி குரலை உயர்த்தவில்லை. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நோயாளிகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். "உங்க அண்ணன் மேல எனக்கு இப்ப கோவமே இல்ல வாலு. அவரு அப்படித்தான்னு எப்பவோ விட்டுட்டேன். ஆனா நீ சனிக்கிழமை சனிக்கிழமை வந்து வாசல்ல நிப்ப. இந்தப் பைய நான்தான் எடுத்துக் குடுப்பேன். செவ்வாக்கிழமை யாரு போனதுன்னு ஒரு நாளாவது என்னைக் கேட்டிருக்கியா? எனக்குக் காய்ச்சல்னா எதுக்கு உன்னைக் கூப்பிடுறாங்கன்னு யோசிச்சிருக்கியா? நீ படிச்சவ. உனக்குத் தெரியாம இல்ல. கேட்டா தெரிஞ்சிரும்னுதான் நீ கேக்கல."

வாலுவுக்குச் சுருக்கென்றது. அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அப்படித்தான் என்று உள்ளுக்குள் ஏதோ சொன்னது. தெரிந்தால் சனிக்கிழமையோடு நிற்க முடியாது. அண்ணி மறுபடி லேபுக்குப் போக நினைத்தால், அவள் உட்காருகிற நாட்களில் பாதி இவள் தலையில் விழும். ஆத்திரம் யார் மேல் போவது என்று தெரியாமல் அவளுக்குள்ளேயே சுற்றியது. திட்டு வாங்கிய கோபம், திட்டியது நியாயம் என்கிற கோபம், எல்லாவற்றுக்கும் மேல், ஃபோனில் இன்னும் மினுங்கிக்கொண்டிருந்த அந்த 'வந்தாச்சு' மேல் கோபம்.

அவள் அட்டவணையைத் திறந்தாள். ஒவ்வொரு வரியாகப் படிக்கிறேன், யாரென்று சொல்லுங்கள் அண்ணி என்றாள். அண்ணிக்கு இஷ்டமில்லை. இதெல்லாம் எதுக்கு என்றாள். ஆனாலும் வாலு தேதியைப் படிக்கப் படிக்க, நான், நான் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். தேதியை வைத்தே அன்றைக்கு என்ன நடந்தது என்று அவளுக்கு நினைவிருந்தது. அன்னைக்குத்தான் லிஃப்ட் ஓடல, நான் தாங்கலாப் பிடிச்சு ஏத்தினேன். அன்னைக்கு அழுத்தம் இறங்கி கண்ணு சொருகிட்டாங்க. ஒரே ஒரு வரியில் மட்டும் தயங்கினாள்.

"பாவம், இந்தத் தடவை அவருதான் கொண்டாந்து விட்டாரு."

"உக்காந்திருந்தானா?"

"இல்ல. வண்டிய நிறுத்த இடமில்லைன்னு போயிட்டாரு. நான் பின்னாடியே பஸ்ல வந்தேன்."

வாலு அந்த வரியிலும் அண்ணி என்று தட்டினாள். தட்டிய வேகத்தில் பட்டன் பெயர்ந்துவிடும் போலிருந்தது.

வெள்ளிக்கிழமை வகுப்பில் புதிய படத்தைப் போட்டாள். மறுபடி இரண்டு பட்டைகள்தான் வந்தன. நெடிய பட்டைக்குக் கீழே இப்போது அண்ணி என்று இருந்தது. பக்கத்தில் வாலு. அண்ணனைக் காணவே காணோம். பெயரும் இல்லை, இடமும் இல்லை, சாமர்த்தியமாக நழுவிவிட்டான். வாலுவுக்கு அது அடுக்கவில்லை. அவன் இல்லாத படத்தைக் காட்டினால், நான் இந்தக் கணக்கிலேயே வரவில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்வான். வராததைத்தானே அவள் காட்ட வேண்டும்.

கமா சாரைக் கூப்பிட்டாள். பூஜ்யம் என்றாலும் அந்த ஆளின் பெயர் கீழே நிற்க வேண்டும் என்றாள். அவர் தாடையைச் சொறிந்தார். ஒரு வரியும் இல்லாத வகையை அது தானாகவே தூக்கிவிடும் என்றார். முதலில் இந்தப் பத்தியில் இருக்கக்கூடிய ஆட்கள் இன்னின்னார் என்று நீங்கள் பெயர் சொல்லி எழுத வேண்டும். பிறகு அச்சுக்கான வரியில், ஆள் இல்லாத இடத்தையும் கழிக்காதே என்று தனியாகச் சொல்ல வேண்டும். கழிப்பதற்கு ட்ராப் என்று ஒன்று இருக்கிறது, அதை ஃபால்ஸ் என்று வைத்தால் கழிக்காது. வைத்தாள். கமாவை மறக்கவில்லை. படம் எழுந்தது. அண்ணி, வாலு, அண்ணன். மூன்றாவது பெயருக்கு மேல் வெறும் வெள்ளை.

"இப்ப சரி," என்றாள். கமா சார், இது எதைப் பத்தின அட்டவணை என்று கேட்டார். குடும்பம் சார் என்றாள். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக் கூடத்தில், டிவியோடு லாப்டாப்பைப் பொருத்தினாள். கடையில் தள்ளுபடியில் எடுத்த பெரிய சோபாவில் அண்ணன் பனியனோடு உட்கார்ந்திருந்தான். அக்கா அவன் கையிலிருந்த ஃபோனில் இருந்தாள். அண்ணி சமையலறை வாசலில், ஈரக் கையைத் துடைத்தபடி நின்றாள். அவளிடம் வாலு முன்பே சொல்லியிருந்தாள். காட்டுறதுன்னா காட்டு, ஆனா எனக்காகக் காட்டுறேன்னு சொல்லாத என்று மட்டும் அண்ணி சொல்லியிருந்தாள்.

படம் டிவியில் வந்தது. மழைக்காலத்திலிருந்து அம்மாவோடு உட்கார்ந்திருந்தவர்கள் என்று வாலு விளக்கினாள். எத்தனை தடவையோ அத்தனை உயரம். அண்ணன் கொஞ்ச நேரம் புரியாமல் பார்த்தான். புரிந்ததும் காலைக் கீழே இறக்கினான்.

"என்னடி இது, அசிங்கமா?"

"இதுல எது தப்புன்னு சொல்லு. மாத்தறேன்."

"என் பொண்டாட்டி போனா நான் போன மாதிரிதானே. நானும் அவளும் வேற வேறயா? வண்டி புக் பண்றது யாரு? டாக்டருக்கு ஃபோன் பண்றது யாரு?"

ஃபோனுக்குள்ளிருந்து அக்கா கத்த ஆரம்பித்தாள். தான் தினமும் பேசுகிறாளே, அம்மா அழுதால் விடிய விடியத் தேற்றுகிறாளே, அதற்கு ஒரு பட்டை இல்லையா, கண்ணுக்குத் தெரிகிறதுதான் பாசமா என்றாள். நீ அனுப்பற கைகூப்புற படத்துக்கு வேணும்னா தனியா ஒரு பட்டை போடறேன் என்றாள் வாலு. அக்கா அழத் தொடங்கினாள். அண்ணன் ஃபோனைச் சோபாவில் கவிழ்த்து வைத்தான். அழுகை மெத்தைக்குள் கேட்டது.

அண்ணி சமையலறை வாசலை விட்டு நகராமலே பேசினாள்.

"நாம ரெண்டு பேரும் ஒண்ணுன்னு சொன்னீங்க இல்ல?"

"ஆமா. பின்ன?"

"அப்ப செவ்வாக்கிழமை நீங்க போங்க. ஒண்ணுதானே."

அண்ணன், செவ்வாய்க்கிழமை கடையில் சரக்கு வரும் என்று என்னவோ முனகினான். அப்போதுதான் உள் அறைக் கதவு திறந்தது. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். வீங்கிய கால்களை இழுத்து இழுத்து, டிவிக்கு முன்னால் வந்து நின்று, கண்ணைச் சுருக்கி அந்தப் படத்தைப் பார்த்தார். வாலு பிடிக்கப் போனாள். அம்மா அவள் கையைத் தட்டிவிட்டார்.

"என்னை இழுத்துட்டுப் போன நாளையெல்லாம் எண்ணி டிவில போட்டிருக்கியாடி?"

வாலு அதுக்கில்லம்மா என்று தொடங்கினாள். அம்மா விடவில்லை. அவன் ஆம்பளை, நாலு பேருக்கு வேலை சொல்ற இடத்துல இருக்கிறவன், அங்க வந்து எனக்கு பேசின் பிடிப்பானா என்றார். மருமகள் செய்தால் அது அவன் செய்ததுதான், இதில் யார் என்ன எண்ணுவதற்கு இருக்கிறது என்றார். வேற வேலை இல்லாம வீட்டை ரெண்டாக்க வந்திருக்க என்றார்.

வாலு இதுவரை அண்ணன் மேல்தான் கோபப்பட்டிருந்தாள். இப்போது அம்மா மேலேயே கோபம் வந்தது. உடம்பு முடியாதவர், மூச்சு வாங்க நிற்கிறார், இவர் மேல் கோபப்படலாமா என்றெல்லாம் அது யோசிக்கவில்லை. யார் பேசின் பிடிக்கிறார்களோ அவர் எதிரிலேயே நின்று இதைச் சொல்கிறாரே என்று உடம்பு பற்றி எரிந்தது.

"அம்மா, உங்களுக்குக் கண்ணு சொருகினப்ப உங்க கன்னத்தைத் தட்டினது யாரு? அவங்க அங்க நிக்கிறாங்க. அவங்களைப் பாத்து இதைச் சொல்லுங்க."

அம்மா பார்க்கவில்லை. டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணிதான் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தாள். உட்கார வைத்துவிட்டு நிமிர்ந்து, யாரையும் பார்க்காமல் சொன்னாள். லேபில் பழைய முதலாளியம்மாவிடம் பேசிவிட்டதாக. நாளையிலிருந்து வரச் சொல்லியிருப்பதாக. பை இருக்கும் இடம் கட்டிலுக்கு அடியில், போர்வையைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறது, எடுத்து மடிக்க வேண்டும் என்றும் சொன்னாள். பிறகு அடுப்பை அணைக்க உள்ளே போனாள்.

இது வாலுவுக்கே தெரியாது. தான் படம் போட்டதால் நடந்தது என்று ஒரு நொடி நெஞ்சு நிமிர்ந்தது. பிறகு யோசித்துப் பார்த்தாள். முதலாளியம்மாவிடம் பேசி, தேதி முடிவாகி, இதெல்லாம் இரண்டு நாளில் நடக்கிற காரியமில்லை. அந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தே அண்ணி எப்போதோ முடிவெடுத்துவிட்டிருந்தாள்.

அண்ணன் அன்று இரவு சாப்பிடவில்லை என்று பிறகு கேள்விப்பட்டாள். திங்கட்கிழமை அண்ணியோடு பேசவில்லை. ஆனால் அண்ணி பேசுவதற்கு வீட்டில் இல்லை, லேபுக்குப் போய்விட்டாள். செவ்வாய்க்கிழமை காலை வாலு செருப்பு மாட்டும்போது ஃபோன் அடித்தது. அண்ணன். எடுத்துக் காதில் வைத்தாள். இன்னைக்கு மட்டும் என்று அவன் தொடங்கினான். முடியாது அண்ணா என்று வைத்தாள். அம்மாவை விட்டுவிடுவானோ, யாரும் போகாமல் போய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம். சரி நான் போகிறேன் என்று சொல்லிவிட வாய் துடித்தது ஒரு பக்கம். சோதனைக் கூடத்தில் ஒரு மாதிரியைத் தரையில் கொட்டினாள். முன்மேசை நர்ஸுக்கு ஃபோன் போட்டாள். வந்திருக்காங்க, ஒரு சார் வந்திருக்காரு என்றாள் நர்ஸ். புதுசா இருக்காரு, எங்க உக்காரணும்னு கேட்டாரு.

வாலு அண்ணியைக் குடும்பக் குழுவில் சேர்த்தாள். அண்ணி அரைமணி நேரத்தில் வெளியேறிவிட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, வேலையில இருக்கேன், கையெல்லாம் மெழுகு, உங்க குரூப் டிங்டிங்னு அடிச்சுக்கிட்டே இருக்கு என்றாள். குரலில் சிரிப்பு இல்லை. ஆனால் பழைய தணிந்த குரலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வாலு போனபோது கதவைத் திறந்து, உள்ள வா என்றாள், அவ்வளவுதான். வாலுவை அவள் மன்னித்ததாகச் சொல்லவில்லை. வாலுவும் கேட்கவில்லை.

சனிக்கிழமை அம்மாவைக் கூட்டிப் போவதும் நிற்கவில்லை. அந்தச் சண்டைக்குப் பிறகு முதல் இரண்டு சனிக்கிழமைகள், அவள் கணவரிடம் வாங்கி ஓட்டி வரும் காரில், அம்மா அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். வாலுவும் வீம்பாகப் பேசவில்லை. இரண்டு பேரும் ஒரே மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டு போனார்கள். மூன்றாவது சனிக்கிழமை, சிக்னலில் கார் நின்றபோது, அம்மா ஜன்னலைப் பார்த்தபடியே வாயைத் திறந்தார்.

"வியாழக்கிழமை அவன் நாற்காலியிலயே தூங்கிட்டான். குறட்டை வேற. பக்கத்துப் படுக்கைக்காரர் எழுந்து உக்காந்துட்டாரு."

வாலு முன்னால் இருந்த வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு வாந்தி வந்திச்சு. நர்ஸ் அவனை உலுக்கி எழுப்பிச்சு. பேசினைத் தலைகீழாப் பிடிக்கிறான்." அம்மா சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டார். "அவ இருந்தப்ப அப்படி ஆகாது."

இதை அண்ணியிடம் சொன்னீர்களா என்று வாலு கேட்டாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டார். சிக்னல் விழுந்தது. வாலுவுக்குக் கோபம் போகவில்லை. அண்ணன் மேலும் போகவில்லை, அம்மா மேலும் போகவில்லை. பேசினைத் தலைகீழாகப் பிடித்தவனை நினைத்தபோது மட்டும் வயிற்றிலிருந்து சிரிப்பு பிடுங்கிக்கொண்டு வந்தது. சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, கியரைப் போட்டு வண்டியை எடுத்தாள்.